விசிலுக்கு வாய் திறந்த பாப்பா

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது இன்னும் அம்மா ஊட்டிவிட்டால்தான் சோறு இறங்கும் என்றால், கையைத் தூக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவன் பார்த்துவிடுவான். சத்தம் காட்டாமல் இதை வாசியுங்கள். எங்கள் வீட்டுப் பாப்பா முதன்முதலாகத் தன் கையால் எடுத்துச் சாப்பிட்ட கதை இது. இப்போது அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், தட்டில் யாரையும் கையை வைக்க விடமாட்டாள். அப்போது அவளுக்கு ஒரு வயது.

நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். என் மனைவி லேப் படிப்பு படித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுத்து, சோதித்து, ரிசல்ட் எழுதிக் கொடுக்கிற வேலை பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் அவளுக்குப் பசி, தாகம் எதுவும் தெரியாது. பாப்பா பிறக்கப் போகிற நேரத்தில் அந்த வேலையை விட்டு வந்தாள். வந்ததிலிருந்து வீட்டில் எறும்பு ஓடினால்கூட உட்கார்ந்து உற்றுப் பார்ப்பாள். எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் லேப் நடத்துகிற அம்மா போன் செய்தார். "ஆடித் தபசு முடிஞ்ச மறு திங்கட்கிழமை வந்திரு. வந்தா இடம் உனக்குத்தான். வரலைன்னா வேற ஆள் போட்டிருவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். போனை வைத்ததும் அவள் செய்த முதல் வேலை, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த வெள்ளைக் கோட்டை எடுத்துத் தேய்த்ததுதான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான தபசுக்கு இன்னும் கொடிகூட ஏறவில்லை.

பாப்பாவை யார் பார்ப்பது? அடுத்த வீடுதான் என் அண்ணன் வீடு. மதினி பகல் முழுவதும் வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் சும்மா இருக்க மாட்டார்கள். தறிக்குத் தார் சுற்றுவார்கள். தார் என்றால், விசைத்தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சுற்றி வைத்திருக்கும் சின்னக் குச்சி. ஒரு கை ராட்டையைச் சுற்றும், ஒரு கை நூலைப் பிடிக்கும். வாய் மட்டும் சும்மா இருக்கும். அதனால் அதற்கு நிறைய வேலை கொடுப்பார்கள்.

நானும் மனைவியும் போய்க் கேட்டோம்.

"பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள் மதினி. "கழுவி விடுதேன். தொட்டில்ல போட்டு ஆட்டுதேன். ஆனா கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு, 'அந்தா ஆடு, இந்தா காக்கா'ன்னு தெருத்தெருவா அலைய நம்மால ஆகாது. எனக்கு இருக்கது ரெண்டு கை. ரெண்டும் ராட்டைல இருக்கு. உம்ம மக தானா சாப்பிடணும் கொழுந்தனாரே. தானா சாப்பிட்டா, இவள வேலைக்கு அனுப்பும்."

"ஒரு வயசுப் பிள்ள எப்படி மதினி தானா சாப்பிடும்?"

"அது உங்க பாடு."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவது என்றால் அது ஊர்வலம். மனைவி இடுப்பில் பாப்பா, பின்னால் நான் தண்ணீர் டம்ளரோடு. எங்கள் தெரு ஆடுகளுக்குப் பாப்பாவின் சாப்பாட்டு நேரம் தெரியும். அவளைவிட ஆடுகள்தான் நன்றாகச் சாப்பிட்டன. போனில் பொம்மைப் படம் போட்டுக் காட்டினால் அரை மணியில் முடித்துவிடலாம். மற்ற வீடுகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். என் மனைவி அதற்குச் சம்மதிக்கவில்லை. "பிள்ள என்ன திங்கோம்னு பாத்துத் திங்கணும். போனைப் பாத்துத் திங்கக் கூடாது" என்பாள்.

இந்த நேரத்தில்தான் விசில் வந்தது.

ஒருநாள் டியூட்டி முடிந்து வருகிறேன். கழுத்தில் விசில் தொங்குகிறது. பாப்பா உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மனைவி, கையில் சோற்று உருண்டையோடு. நான் விளையாட்டாக ஒரு விசில் கொடுத்தேன். பாப்பா ஆச்சரியத்தில் 'ஆ' என்று வாயைத் திறந்தாள். மனைவி சட்டென்று உருண்டையை உள்ளே தள்ளிவிட்டாள். என்ன நடந்தது என்று பாப்பா யோசிப்பதற்குள், பழக்க தோஷத்தில் நான் இரண்டு விசில் கொடுத்தேன். பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் 'போகலாம்' என்று அர்த்தம். சோறு தொண்டைக்குள் போய்விட்டது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இன்னொருக்க ஊதுங்க" என்றாள் அவள்.

ஊதினேன். திறந்தாள். இரண்டு ஊதினேன். விழுங்கினாள். கிண்ணம் காலியாகிவிட்டது. மனைவி கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே பார்த்து, மறுபடியும் கவிழ்த்தாள். ரிசல்ட்டை நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு விசில் திறக்க, இரண்டு விசில் விழுங்க. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் எங்கள் டிரைவர் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே, "சரி வே, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி ஊதிராதயும். சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்திரும்" என்றார்.

சிக்கல் என்னவென்றால், நான் டியூட்டிக்குப் போனால் விசிலும் போய்விடும். அதனால் பழைய விசில் ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன். எனக்கு விசில் ஊதி ஊதி அளவு தெரியும். அவளுக்குத் தெரியாது. முழு மூச்சையும் சேர்த்து ஊதினாள். அந்த நேரம் பார்த்து பால்காரர் பைக்கில் தெருவுக்குள் திரும்பியிருக்கிறார். தலையில் ஹெல்மெட் இல்லை. போலீஸ் என்று நினைத்து, வந்த வழியே திருப்பிப் பறந்துவிட்டார். அன்றைக்குத் தெருவில் எந்த வீட்டிலும் டீ இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மதினியின் குரல் வந்தது. "ஏட்டி, உள்ள சோறு ஊட்டுதியளா, பஸ் விடுதியளா? பஸ்ஸுன்னா சொல்லு, எனக்கும் புளியங்குடிக்குப் போகணும்."

மனைவிக்கு இன்னொரு கஷ்டம். வாயில் விசில் இருக்கும்போது 'என் தங்கம், என் செல்லம்' என்று கொஞ்ச முடியாது. 'ம்ம், ம்ம்ம்' என்றுதான் வரும். ஆனாலும் பாப்பா சாப்பிட்டாள். அதனால் நாங்கள் நிறுத்தவில்லை.

இப்படி இருக்கும்போது என் மாமனார் ஊர் பனவடலிசத்திரத்தில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. எங்கள் பஸ் அந்த வழியாகத்தான் போகும். எனக்கு டியூட்டி. மனைவியும் பாப்பாவும் என் பஸ்ஸிலேயே ஏறி, முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார்கள். பாப்பாவுக்குப் புதுச் சட்டை. எனக்குப் பெருமை.

ஊரைத் தாண்டி முதல் ஸ்டாப் வந்தது. நான் ஒரு விசில் கொடுத்தேன். பஸ் நின்றது. பாப்பா வாயைத் திறந்தாள்.

நான் இதை யோசிக்கவே இல்லை.

வாய் திறந்தது திறந்தபடி இருக்கிறது. சோறு வரவில்லை. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆள் ஏறியதும் இரண்டு விசில். இல்லாத சோற்றை விழுங்கினாள். இது என்ன ஏமாற்று வேலை என்று நினைத்தாளோ என்னவோ, 'ஓ'வென்று அழுகை.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "பச்சப்பிள்ள பசியில வாயப் பொளக்கு. நீ ஜன்னல் வழியா வேடிக்கை பாக்க?"

"பசி இல்லம்மா. விசிலு."

"விசிலா?"

"விசில் ஊதுனா வாயத் திறப்பா."

அந்த அம்மா நம்பவில்லை. அடுத்த ஸ்டாப்பில் பார்த்தார், நம்பினார். பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து ஒரு விள்ளல் கொடுத்தார். அதற்கு அடுத்த ஸ்டாப்பில் பின் சீட்டிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி மிட்டாய் வந்தது. அதற்கு அடுத்து நுணுக்கிய முறுக்கு. பஸ் முழுவதும் செய்தி பரவிவிட்டது. எங்கள் பஸ் யார் கையைக் காட்டினாலும் நிற்கிற பஸ். அந்தப் பாதையில் எத்தனை பேர் கையைக் காட்டுவார்கள் என்று பாருங்கள். இறங்க வேண்டியவர்கள்கூட, "அடுத்த விசிலையும் பாத்துட்டு இறங்குதேன்" என்று நின்றார்கள்.

மனைவி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். போதும், ஊதாதே என்று அர்த்தம். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ்ஸின் பக்கத்தகரத்தைக் கையால் தட்டி "நிப்பாட்டு", "ரைட்" என்று கத்த ஆரம்பித்தேன். எங்கள் அண்ணாச்சி பாட்டுப் போட்டால் சத்தமாகத்தான் போடுவார். என் கத்தல் அவர் காதில் விழவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் இறங்க வேண்டிய ஊர், ஜன்னலுக்கு வெளியே பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏ கண்டக்டரு! எங்க ஊரு அந்தா போகு வே!" என்று அவர் முன்னால் ஓடிவந்தார்.

பஸ் ஒருவழியாக நின்றது. அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன வே, விசில முழுங்கிட்டீரா?"

வெள்ளை வேட்டிக்காரர் என்னைத் திட்டுவதற்காக, பாப்பா இருந்த சீட்டுப் பக்கம் நின்று வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் பாப்பா வாயைத் திறந்துவிட்டாள். வாழைப்பழம், மிட்டாய், முறுக்கு எல்லாம் அவர் வேட்டிக்கு வந்து சேர்ந்தன. இப்போது இதை வாசித்துவிட்டு, இந்த இடத்தை மட்டும் அடித்துவிடச் சொல்லிப் பாப்பா சண்டை போட்டாள். அடிக்கவில்லை. நடந்தது நடந்ததுதானே.

கொடை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மதினிக்குச் செய்தி வந்துவிட்டது. எங்கள் பஸ்ஸில் ஏறாத ஆள் யார் இருக்கிறார்கள்?

"கொழுந்தனாரே, நான் தானா சாப்பிடணும்னு சொன்னேன். இது தானாவா? நீரு ஊதுனா திறக்கா, ஊதலைன்னா பூட்டுதா. பிள்ள வளக்கியளா, கதவு மாட்டுதியளா?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்க எப்படித்தான் மதினி வளத்திய, உங்க பிள்ளைகள?"

"நான் வளக்கவே இல்ல. கிண்ணத்த முன்னால வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். பாத்தாத்தான் பிள்ளைகளுக்கு வீம்பு. பாக்காட்டா தானா திங்கும். தபசு முடிஞ்ச சனிக்கிழம கொண்டாங்க, காட்டுதேன்."

தபசுக் கூட்டம் வந்து போனது. எங்களுக்கு ட்ரிப் மேல் ட்ரிப். விசிலைப் பாப்பா முன்னால் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால், அவள் மறுபடியும் உதட்டைப் பூட்டிக்கொண்டாள். மனைவி தினமும் கோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

தயிர் சோற்றைக் குழையப் பிசைந்து, கிண்ணத்தோடும் பாப்பாவோடும் மதினி வீட்டுக்குப் போனோம். மதினி பாப்பாவைத் தரையில் உட்கார வைத்து, கிண்ணத்தை முன்னால் வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்கள். எங்களை வாசலுக்கு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

"எட்டிப் பாத்திய, நான் பொறுப்பில்ல" என்றார்கள்.

நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ராட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. பாப்பாவின் அழுகை இல்லை. கொஞ்ச நேரத்தில் பாப்பா சிரிக்கிற சத்தம்கூட வந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கா போலுக்கே" என்றாள்.

அப்போது உள்ளே மதினி கத்தினார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். சுற்றி முடித்த தார்களை மதினி ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் நல்ல சிவப்பு நூல். பாப்பா கிண்ணத்தை இழுத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குத் தவழ்ந்து போயிருக்கிறாள். ஒவ்வொரு தாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தயிர் சோறு ஊட்டியிருக்கிறாள். ஒன்றைக்கூட விடவில்லை.

"எல்லாத் தாருக்கும் வயிறு நெறஞ்சிட்டு" என்றார்கள் மதினி. "இவ வயிறுதான் காலி." அவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நூல் தறிக்காரருடையது. "ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. இது நமக்குச் சரிப்பட்டு வராது."

மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கோட்டை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில், என் கல்யாண வேட்டிக்குக் கீழே வைத்துப் பெட்டியை மூடினாள். "லேப் அம்மாகிட்ட நாளைக்குச் சொல்லிருதேன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் போய்ப் பாத்திரம் விளக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி ஒரு தட்டு நிறையத் தோசையோடு வந்தார்கள். முந்தின நாள் கத்தியதற்கு அவர்கள் பாணியில் அதுதான் சமாதானம். மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். பாப்பா நடுவில் இருந்தாள். யாருக்கும் அவளுக்கு ஊட்டும் தெம்பு இல்லை. முதலில் நாம் தின்போம் என்று ஆரம்பித்தோம்.

ஆரம்பித்ததும் சண்டையும் ஆரம்பித்தது.

"உங்க கொழுந்தனார் விசில் ஊதித்தான் பிள்ளைய கெடுத்தாரு" என்றாள் மனைவி.

"விசில் ஊதுனப்ப கிண்ணம் காலியாச்சா இல்லையா? மதினிதான் முதுகக் காட்டிக் கெடுத்தாவ" என்றேன் நான்.

"நான் கெடுத்தனா? என் தாரெல்லாம் தயிருல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. என்னச் சொல்லுதீரா?" என்றார்கள் மதினி.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாப்பா எழுந்து நின்றாள். என் தட்டிலிருந்து ஒரு துண்டுத் தோசையைப் பிய்த்தாள். என் முகத்துக்கு நேரே வந்து, உதட்டைக் குவித்து, "ப்பீ!" என்றாள்.

என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

தோசையை உள்ளே வைத்து அமுக்கினாள். பிறகு, "பீ, பீ!" நான் விழுங்கினேன். வேறு என்ன செய்ய?

மனைவி சிரித்துவிட்டாள். சிரிக்கத் திறந்த வாய்க்குள் அடுத்த துண்டு போனது. மதினி, "எனக்கெல்லாம் விசில் வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தார்கள். அதோடு மாட்டிக்கொண்டார்கள். பாப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்று பேருக்கும் சுற்றிச் சுற்றி ஊட்டினாள். விழுங்காமல் இருந்தால் விரலால் கன்னத்தைக் குத்தினாள். நாங்கள் அவளுக்கு எப்படி ஊட்டினோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்ல அனுபவம் இல்லை.

அப்புறம் கையில் மிச்சம் இருந்த ஒரு துண்டைப் பார்த்தாள். எங்கள் மூன்று வாயும் நிறைந்திருந்தன. அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். தனக்கு மட்டும் அவள் விசில் ஊதிக்கொள்ளவில்லை.

"பாக்காதீய" என்று மதினி உதட்டை அசைக்காமல் சொன்னார்கள். "யாரும் பாக்காதீய."

மூன்று பேரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தோம். ராகுகாலம், எமகண்டம், அன்றைக்கு எந்த ராசிக்கு என்ன பலன் எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பக்கத்தில் சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது. அடுத்த துண்டு பிய்க்கிற சத்தம் கேட்டது. தட்டு இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பாதித் தோசை தரையில், கால்வாசி தலைமுடியில். மீதி வயிற்றுக்குள் போயிருந்தது. அந்த மீதி போதும்.

மனைவி கையைக் கழுவிவிட்டு நேரே டிரங்குப் பெட்டியிடம் போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது நான் லேபுக்கு ஓடினேன். மனைவி வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்று மதினியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"சாப்பிட்டாளாக்கா?"

"சாப்பிட்டா. இட்லி ரெண்டு. ஒண்ணு உள்ள, ஒண்ணு தரையில."

"அழுதாளா?"

"இல்ல."

"என்னத் தேடுனாளா?"

"தேடலயே."

"ஒரு தடவகூடவா?"

அந்தப் பக்கம் ராட்டை நின்றது. "ஏட்டி, உனக்கு இப்ப என்னதாம்ட்டி வேணும்?" என்று மதினி போனை வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே. அப்படியே உட்கார்ந்து, பருப்புச் சோற்றைப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை உருட்டிப் பாப்பாவின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். பாப்பா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உருண்டை மனைவியின் விரல்களில் அப்படியே இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டு, மெதுவாக மென்றாள். பாப்பாவின் சோற்றை அவள் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏங்க" என்றாள். "இதுல உப்பே இல்லயே."